நாய் கடித்த நாளிலிருந்து 28 நாள்: செய்ய வேண்டியதும் உடம்புக்குள் நடப்பதும்

தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் முடிந்த மணலிலும், புதுச்சேரி ஞாயிறு சந்தை கலைந்த தெருவிலும், பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பிலும் நாய் இல்லாத நேரம் கிடையாது. கடி விழுந்ததும் வீட்டில் ஒருவர் சுண்ணாம்பு தேடுவார், ஒருவர் மிளகாய்த்தூள் என்பார், இன்னொருவர் "நம்ம தெரு நாய்தானே, ஒண்ணும் ஆகாது" என்பார். அந்த அரைமணி நேரம்தான் மிக விலை மதிப்புள்ளது. என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகவும், ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே இங்கே தருகிறோம். காரணம் தெரியாதவர்கள்தான் இரண்டாவது ஊசியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் இந்த ஓட்டப்பந்தயம்

ரேபிஸ் ஒரு வைரஸ். நாயின் எச்சிலோடு தோலுக்குள் இறங்கி, கடிபட்ட இடத்துத் தசையில் கொஞ்ச காலம் தங்கிப் பெருகும். பிறகு பக்கத்திலுள்ள நரம்பின் நுனிக்குள் நுழைந்து முதுகுத்தண்டை நோக்கி ஏறும். நரம்புக்குள் ஏறிவிட்ட கிருமியை ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிகளால், அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்களால், எளிதில் எட்ட முடியாது. மூளைக்குப் போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலை வந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

கடிக்கும் அறிகுறிக்கும் இடையே வழக்கமாக 1 முதல் 3 மாதம் இருக்கும். முகம், கழுத்து, விரல் நுனி போன்ற நரம்பு நெருங்கிய இடங்களில் கடி விழுந்தால் அதைவிடச் சீக்கிரம் வரலாம். அபூர்வமாக ஒரு வருடம் கழித்தும் வந்திருக்கிறது.

இவ்வளவு நாள் இருந்தும் உடம்பு ஏன் தானாக எதிர்ப்பதில்லை? கடியில் இறங்கும் கிருமியின் அளவு மிகக் குறைவு. தசைக்குள்ளும் நரம்புக்குள்ளும் சத்தமில்லாமல் இருப்பதால் காவல் அணுக்களின் கண்ணில் அது படுவதே இல்லை. உடம்பு விழித்து ஆன்டிபாடி செய்யத் தொடங்கும்போது காரியம் மிஞ்சியிருக்கும். தடுப்பூசி செய்வது இதைத்தான்: செத்த கிருமியைப் புஜத்தில் போட்டு, "இதோ எதிரி" என்று உடம்பை முன்கூட்டியே எழுப்பிவிடுவது. மற்றதெல்லாம், அந்த எதிர்ப்பு தயாராகும்வரை கிருமியை நரம்பில் ஏறவிடாமல் பிடித்து வைக்கும் வேலை.

முதல் வேலை: 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும்

கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். இரண்டு நிமிடத்தில் கழுவி முடித்ததாகத் தோன்றும், தொடருங்கள். குழாய், கைப்பம்பு, மோட்டார் தண்ணீர் எதுவானாலும் சரி, காயத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளியல் சோப்பு இல்லையென்றால் துணி சோப்பு போதும். கடற்கரையில் கடிபட்டால் கடல் தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கு வந்து முதலிலிருந்து கழுவுங்கள்.

சோப்பு ஏன்? இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் செய்வதையே சோப்பு இங்கும் செய்கிறது: உறை கரைந்தால் கிருமி செத்தது. பல் ஆழமாக இறங்கிய துளையாக இருந்தால் உள்ளேயும் தண்ணீர் போகும்படி மெல்ல விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டாம். கண்ணிலோ வாயிலோ நாயின் எச்சில் தெறித்திருந்தால் அங்கே சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர்தான். கழுவி முடித்ததும் போவிடோன் அயோடின் மருந்தைத் தடவலாம். மருந்துக்கடையில் பீட்டாடின் என்று கேட்டால் தருவார்கள்.

கடித்துப் பல மணி நேரம் ஆகிவிட்டதா? அப்போதும் கழுவுங்கள்.

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் காயத்தில் வைக்காதீர்கள். எரிச்சல் தரும் பொருள்கள் சதையைப் புண்ணாக்கி, கிருமி நரம்பைச் சேரும் வழியை லேசாக்கிவிடும். பின்னால் காயத்துக்குள் போட வேண்டிய சீரத்துக்கும் (முன்பே தயாரித்த ஆன்டிபாடி மருந்து) இடைஞ்சல். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் காயம் சிவந்து, வீங்கி, சுடும். இது உடம்பின் முதல் வரிசைக் காவல். ரஷ்யாவைச் சேர்ந்த இல்யா மெச்னிகோவ் 1882ல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் இதை முதன்முதலில் கண்டார். கண்ணாடி போலத் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் வந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் அவை. 1908ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாயின் வாயிலுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பகுதியை இந்த விழுங்கும் அணுக்கள் சமாளித்துவிடும். ரேபிஸை மட்டும் இவற்றை நம்பி விட முடியாது.

கடி எந்த வகை

ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மூன்று.

தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை நாய் நக்கியது: முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம்.

ரத்தம் வராத சின்னக் கீறல், திறந்த தோலில் லேசாகக் கவ்வியது: இரண்டாம் வகை. கழுவி, தடுப்பூசி போட வேண்டும்.

தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே உள்ள புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டது: மூன்றாம் வகை. கழுவி, தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். நரி போன்ற காட்டு விலங்கு கடித்தால் எப்போதும் மூன்றாம் வகைதான்.

மக்கள் தவறுவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. ஒரு துளி ரத்தம் வந்திருந்தாலும் மூன்றாம் வகை என்றே சொல்லுங்கள். பூனை நகத்தால் பிறாண்டியதும் இந்தக் கணக்கில் சேரும், ஏனென்றால் பூனை பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகளை நன்றாகப் பரிசோதித்துப் பாருங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பார்கள், அவர்கள் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கே எட்டும். ரேபிஸுக்குப் பலியாவோரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள்.

வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாயை 10 நாள் கவனிப்பது நல்லதுதான்; எச்சிலில் கிருமி இருக்கும் நாய் அதற்குள் நோய்ப்பட்டு விழுந்துவிடும். ஆனால் அந்த 10 நாளும் உங்கள் ஊசி நடந்துகொண்டிருக்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

எங்கே போவது

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அரசு மருத்துவமனைகளில் நாய்க்கடித் தடுப்பூசி இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கிவிடலாம். மூன்றாம் வகைக் கடிக்குச் சீரமும் தேவை என்பதால், அது அங்கே இல்லையென்றால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி இந்திரா காந்தி அரசு மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர் போன்றவை. இரவானால் அவசர சிகிச்சைப் பிரிவு. விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

சீரம்: கடன் வாங்கிய ஆன்டிபாடி

தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்ய ஏழு முதல் பத்து நாளாவது ஆகும். அதுவரை காயத்தில் காவலுக்கு ஆள் வேண்டும். சீரம் என்பது வேறொரு உடம்பு ஏற்கெனவே செய்து வைத்த ஆன்டிபாடி. இந்த வித்தையை 1890ல் பெர்லினில் கண்டுபிடித்தவர்கள் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும். டெட்டனஸ், டிப்தீரியா நஞ்சுக்குப் பழக்கிய விலங்கின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்து இன்னொரு விலங்குக்குப் போட்டால் அதுவும் தப்பித்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901ல் பேரிங்குக்குப் போனது.

அளவு, எடையை வைத்து. குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 யூனிட். குதிரைச் சீரம் பெரும்பாலும் ஒரு மில்லியில் 300 யூனிட்டாக வரும். 15 கிலோ குழந்தைக்கு 600 யூனிட், அதாவது 2 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 2,400 யூனிட், 8 மில்லி. அதனால் எடையைச் சரியாகச் சொல்லுங்கள், முடிந்தால் அங்கேயே நிறுத்துப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரே வகை அணுவிலிருந்து வளர்த்தெடுக்கும் மோனோக்ளோனல் ஆன்டிபாடியும் இப்போது இந்தியாவில் கிடைக்கிறது. அதன் யூனிட் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். இந்த முறையை 1975ல் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டீனும் 1984ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சீரத்தை எங்கே போடுகிறார்கள் என்று கவனியுங்கள். காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் போட வேண்டும். வலிக்கும், முக்கியமாக விரலில். ஆனால் கிருமி இருப்பது அங்கேதான். முழுவதையும் இடுப்பில் போட்டுவிட்டால் காயத்துக்குப் போதிய அளவு வந்து சேராது. காயங்கள் பல இருந்து மருந்து போதவில்லை என்றால் சலைனில் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் பிரித்துப் போடுவார்கள். கணக்கிட்ட யூனிட்டுக்கு மேல் போடக் கூடாது. கடன் ஆன்டிபாடி மிஞ்சினால் அது தடுப்பூசியையே மறைத்து, சொந்தத் தயாரிப்பைக் குறைத்துவிடும். ஊசியும் சீரமும் ஒரே சிரிஞ்சிலோ ஒரே இடத்திலோ போகக் கூடாது என்பதும் இதனால்தான். முதல் ஊசியன்று சீரம் கிடைக்கவில்லையென்றால் 7ஆம் நாள் வரை போடலாம். அதற்குப் பிறகு சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும், தேவைப்படாது.

கிழிந்த காயத்தை உடனே தையல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஊசி குத்தும் ஒவ்வொரு துளையும் கிருமிக்குப் புது வழி. போட்டே ஆக வேண்டுமென்றால் சீரம் போட்டபின், சில மணி நேரம் விட்டு, தளர்வாகப் போடுவார்கள்.

சீரம் போட்டதும் அரைமணி முதல் ஒருமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். குதிரைப் புரதத்துக்கு அபூர்வமாக ஒவ்வாமை வரலாம். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் உடனே சொல்லுங்கள், அதற்கான மருந்து அட்ரினலின் தயாராக இருக்கும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து மூட்டு வலி, காய்ச்சல், தடிப்பு வந்தாலும் திரும்பப் போங்கள். குதிரைப் புரதத்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி செய்வதால் வருவது அது. வியன்னாவில் பிர்கேயும் ஷிக்கும் 1905ல் இதைச் 'சீரம் நோய்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். 'அலர்ஜி' என்ற சொல்லை அடுத்த வருடம் உருவாக்கியவரும் அதே பிர்கேதான்.

டெட்டனஸ் ஊசியும், தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் தனிக் கணக்கு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி நாட்கள்

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் முழுக் குப்பி. இரண்டும் சமமான பாதுகாப்புத் தருபவை. தோல் ஊசியில் 'மருந்தைக் குறைத்துவிட்டார்கள்' என்று சந்தேகப்பட வேண்டாம்.

0ஆம் நாள் என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் இல்லை. முதல் ஊசி திங்கள் என்றால் அடுத்தது வியாழன், பிறகு மறு திங்கள், கடைசி அதற்கு மூன்று வாரம் கழித்து வரும் திங்கள். ஆக 3ஆம் நாள் ஒன்றுதான் கிழமை மாறும். முதல் ஊசி வியாழனன்று போட்டால் இரண்டாவது ஞாயிறு விழும், அன்று ஓ.பி. இருக்காது. எங்கே வர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

குறைந்த மருந்து எப்படிப் போதுகிறது? தோலில் காவல் அணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. 1868ல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை முதலில் பார்த்தபோது, கிளை கிளையாக இருந்ததால் நரம்பணு என்றே நினைத்தார். அவற்றுக்கு உறவான அணுக்களை 1973ல் நியூயார்க்கில் அடையாளம் கண்டு டெண்ட்ரைட்டிக் அணு என்று பெயர் வைத்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011ல் நோபல் அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துபோனார். அது தெரியாமலே அறிவித்த பரிசு நிலைத்தது.

இந்த அணுக்கள் செத்த கிருமியின் துண்டைக் கவ்விக்கொண்டு அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அக்குளில் நெறி கட்டினால் பயப்பட வேண்டாம், வேலை அங்கே நடக்கிறது. அங்கே லட்சக்கணக்கான டி, பி வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பூட்டுக்குச் செய்த சாவி போலக் காத்திருக்கின்றன. ரேபிஸ் துண்டுக்குப் பொருந்தும் ஒருசில மட்டும் விழித்து, பெருகி, பிறகு ஆன்டிபாடியைக் கொட்டத் தொடங்கும். பொருந்தியதே பெருகும் என்ற இந்தக் கருத்தை 1957ல் முன்வைத்தவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் மக்ஃபார்லேன் பர்னெட். இத்தனை விதச் சாவிகளை உடம்பு எப்படிச் செய்கிறது என்பதற்கு, மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்துத்தான் என்று 1976ல் காட்டியவர் சுசுமு டோனெகாவா.

விழித்த அணுக்கள் சும்மா விட்டால் அடங்கிவிடும். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் அவற்றைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. 14ஆம் நாள் வாக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் பாதுகாப்புக்கான அளவு, ஒரு மில்லி ரத்தநீரில் 0.5 யூனிட், வந்துவிடும். 28ஆம் நாள் ஊசி அதை நெடுநாள் நினைவாக மாற்றுகிறது.

தோல் ஊசி சரியாக விழுந்ததா என்பதை நீங்களே பார்க்கலாம். போட்ட இடத்தில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு சின்னக் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது. பக்கத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள். தசை ஊசி பெரியவர்களுக்குப் புஜத்தில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொடையில். பின்பக்கத்தில் போடக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாகச் சேராது.

எங்கே தவறுகிறது

நாள் தவறுவதுதான் அதிகம். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஏறினால் திரும்பச் சில நாள் ஆகும்; 0, 3, 7 மூன்றும் முடியும்வரை கரையிலேயே இருங்கள். 28ஆவது ஊசியை எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் போடலாம், சீட்டு கையில் இருந்தால் போதும். வேறு கம்பெனி மருந்துதான் இருக்கிறது என்றாலும் விட்டுவிடாதீர்கள். தவறிய ஊசியை நினைவு வந்த அன்றே போட்டுவிட்டு, அடுத்தவற்றை அதே இடைவெளியில் தள்ளிக்கொள்ளுங்கள்: 3ஆம் நாள் ஊசியை 5ஆம் நாள் போட்டால் அடுத்தது 9ஆம் நாள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கடித்து மாதக்கணக்கில் ஆகி இப்போதுதான் தெரிய வந்தாலும் இன்றே தொடங்குங்கள்.

அடுத்தது குளிர்ச்சி. மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். புயல், வெள்ளம் வந்த வாரங்களில் மருந்தை வெளியே வாங்குவதாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்று மின்சாரம் இருந்ததா என்று கேளுங்கள். வாங்கியதை ஐஸ் பையோடு எடுத்துப் போங்கள், ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, தேவையில்லாத பயம். பத்தியம் எதுவும் இல்லை. மீன், கறி, முட்டை சாப்பிடலாம். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், பிறந்த குழந்தை எல்லோருக்கும் இந்த ஊசி போடலாம், போட்டே ஆக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் மருந்து, எச்.ஐ.வி. சிகிச்சை, உறுப்பு மாற்று இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். எதிர்ப்பு அணுக்கள் குறைந்தவருக்கு இரண்டாம் வகைக் கடிக்கும் சீரம் தேவைப்படும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

பெரியவர்கள் இன்னும் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள், அந்தப் பயத்தாலேயே சிலர் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அது ஒரு காலத்து உண்மை. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6ல் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு, ரேபிஸ் வந்த முயலின் முதுகுத்தண்டை உலர்த்திச் செய்த மருந்தைப் போடத் தொடங்கினார். அந்த வைரஸை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, சிறுவன் பிழைத்தான். 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911ல் உருவாக்கிய முறையில், ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத்தான் நம் ஊரில் பல தலைமுறைக்கு வயிற்றில் போட்டார்கள்.

அதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. ஆட்டு மூளையின் நரம்பு உறைப் பொருளும் மருந்தோடு உள்ளே போனதால், சிலருடைய எதிர்ப்பு அணுக்கள் தங்கள் நரம்பு உறையையே தாக்கிப் பக்கவாதம் வந்தது. நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் 1933ல் குரங்குகளில் இதைச் செய்தே காட்டினார். தன் உடம்பைத் தானே தாக்காமல் இந்தப் படையை அடக்கி வைக்கும் டி அணுக்களை ஷிமோன் சகாகுச்சி 1995ல் அடையாளம் கண்டார். 2025ல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் கொப்ரோவ்ஸ்கியும் விக்டரும் மூளையை விட்டுவிட்டு, ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் வைரஸைப் பெருக்கிச் சுத்தமான மருந்து செய்யலாம் என்று காட்டினார்கள். ஆட்டு மூளை மருந்து தயாரிப்பதை இந்தியா 2004ல் நிறுத்தியது. தோல் ஊசி முறைக்கு 2006ல் அனுமதி வந்தது. இன்றைக்குப் புஜத்தில் சுருக்கென்ற வலி, கொஞ்சம் அரிப்பு, சிலருக்கு ஒருநாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள்

ஊசி முடிந்ததும் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். இன்னொரு முறை நாய் கடித்தால் அதுதான் உதவும். முழுவதும் போட்டவர்களுக்கு நினைவு அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கியிருக்கும். ஒரு தட்டலில் சில நாளிலேயே எழும்பிவிடும். அப்போதும் 15 நிமிடம் கழுவ வேண்டும், ஆனால் சீரம் தேவையில்லை. 0ஆம் நாளும் 3ஆம் நாளும் என இரண்டே ஊசி. சீட்டு இல்லையென்றால் மருத்துவர் முதலிலிருந்துதான் தொடங்குவார்.